நாவு தளர்ந்தால் அறிவும் தளர்ந்துவிட்டதா?



கெலிஓயாவில் பெண்களுக்காக வாரந்தோறும் நடைபெறும் மார்க்க வகுப்பொன்றில், பாடம் முடிந்ததும் கேள்விகளுக்குச் சிறிது நேரம் ஒதுக்குவது எனது வழக்கம். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள் திரைக்கு அப்பாலிருந்து ஒரு சகோதரி பேச ஆரம்பித்தார். “மௌலவி... எனக்கு... தொழு... தொழுகையில...” என்று சொற்கள் துண்டு துண்டாக வந்தன. பின்னர் நின்றன. வெளியே கம்பளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகும் அடுத்த சொல் வரவில்லை. பெண்கள் பகுதியில் யாரோ கிசுகிசுப்பது கேட்டது.

நான் பொறுமையிழந்தேன். சுகயீனமான பெண், விடுபட்ட தொழுகையையும் நோன்பையும் பற்றித்தான் கேட்கிறார் என்று நானாகவே முடிவு செய்து, களாவையும் பித்யாவையும் பற்றி ஐந்து நிமிடம் விளக்கமளித்தேன். அவர் “ஜஸாகல்லாஹு கைரா” என்றார். அதைச் சொல்வதற்கும் அவருக்கு நேரமெடுத்தது.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியது மகள், சொற்கள் தாயுடையவை. “நீங்கள் சொன்ன விளக்கம் நல்லது. ஆனால் நான் கேட்க வந்தது அதுவல்ல” என்று அது தொடங்கியது. தமக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் இருப்பதை அதில் குறிப்பிட்டு, இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார். ஓதும்போது ஸூரதுல் பாத்திஹா நடுவில் தடைப்பட்டு நின்றுவிடுகிறது, தொழுகை கூடுமா என்பது முதலாவது. மற்றது இது: வாப்பா மௌத்தானபின் காணியைப் பிரிக்கும் பேச்சில் தன்னிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, “அவவுக்கு விளங்காது, கையெழுத்து மட்டும் எடுத்தால் போதும்” என்று கூடப்பிறந்தவர்களே சொன்னார்கள், இது சரியா?

அந்தக் கடிதத்தைப் படித்தபோது என் முகம் வெட்கத்தால் சிவந்தது. காணி விடயத்தில் சகோதரர்கள் செய்ததைத்தானே வகுப்பில் நானும் செய்திருக்கிறேன்! அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான், பெயர் விபரம் இல்லாமல், இதை எழுதுகிறேன். அதன்பின் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்வது என் மீதுள்ள கடன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மின்சார வயருக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நமது மூளையிலும் முள்ளந்தண்டிலும் ஓடும் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே இந்த உறையைத் தாக்கி அரிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். உறை போன இடங்களில் தழும்பு ஏற்படுகிறது. செய்தி ஓடும் வேகம் குறைகிறது, சில இடங்களில் செய்தியே அறுந்துவிடுகிறது. எந்த இடத்தில் தழும்பு விழுந்ததோ அதற்கேற்ப ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் மரக்கும், வேறொருவருக்கு நாவு தளரும். அதனால் ஒரே நோய் உள்ள இருவர் ஒரே மாதிரி இருப்பதில்லை.

உலகில் சுமார் 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக எம்.எஸ். சர்வதேச சம்மேளனம் 2020இல் மதிப்பிட்டது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், அதாவது பிள்ளை வளர்க்கும் காலத்தில் வந்துவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். குளிர் நாடுகளில் அதிகம், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் குறைவு. குறைவு என்பது நல்ல செய்திதான்; ஆயினும் அதனாலேயே நம்மவர்கள் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருப்பதில்லை. இது தொற்றுநோயல்ல. ஒரே கோப்பையில் குடிப்பதாலோ ஒரே பாயில் படுப்பதாலோ வராது. எப்ஸ்டைன்-பார் என்னும் வைரஸ் தொற்றிய பின்னர் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள், ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் 20 வருடப் பதிவுகளைக் கொண்டு 2022இல் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த வைரஸ் உலகில் வளர்ந்தவர்களில் அநேகமாக எல்லோரது உடம்பிலும் இருப்பது, எம்.எஸ். வருவதோ மிகச் சிலருக்கு. ஆகவே எவரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. அந்தத் தாய் பிரசவத்தின்பின் ஒழுங்காகப் பத்தியம் காக்கவில்லை என்று மாமிமார் சொல்வதிலும் எந்த அர்த்தமுமில்லை.

இந்நோயைத் தனி நோயாக இனங்கண்டு 1868இல் விரிவுரை நிகழ்த்தியவர் பரிஸ் நகரத்து சல்பேத்ரியேர் வைத்தியசாலையின் ஷார்கோ என்ற வைத்தியர். அவரைப் பற்றிய ஒரு சம்பவத்தை, அவரிடம் கற்ற சிக்மண்ட் ஃப்ராய்ட் 1893இல் எழுதிய நினைவுக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். கை நடுங்குவதால் எந்த வீட்டிலும் வேலை நிலைக்காத ஒரு பணிப்பெண்ணை ஷார்கோ தம் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார். அவள் உடைத்த தட்டுகளுக்கும் கோப்பைகளுக்கும் அவர் செலவழித்த பணம் கொஞ்சமல்ல. அவளை அவர் விலக்கவில்லை. அவள் இறந்தபின் பரிசோதித்தபோதுதான், அந்த நடுக்கத்துக்குக் காரணம் மூளையிலும் முள்ளந்தண்டிலும் இருந்த இந்தத் தழும்புகளே என்பதை அவரால் நிரூபிக்க முடிந்தது. அதற்கு முன் அவள் வேலை செய்த வீடுகளில் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். நம் வீட்டிலும் கோப்பை உடைகிறது. அதற்காக உடனே எம்.எஸ். என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் திடீரென்று கைதவறத் தொடங்கிய ஒரு பெண்ணை ஏசுவதற்கு முன் ஒரு முறை வைத்தியரிடம் காட்டலாம் அல்லவா?

ஷார்கோ முக்கியமாகக் குறித்த மூன்று அடையாளங்களில் ஒன்று பேச்சு. கண் கருவிழியின் ஆட்டம், ஏதேனும் எடுக்கப்போகையில் கையில் வரும் நடுக்கம், இவற்றோடு சொல்லை அசை அசையாகப் பிரித்துப் பேசுவதையும் அவர் சேர்த்தார். பாடசாலையில் தமிழாசிரியர் செய்யுளை அசை பிரித்து அலகிட்டுக் காட்டுவாரே, ஏறக்குறைய அப்படி. மத்ரஸாவில் முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி ஓதுவதையும் நினைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பிள்ளைக்குச் சொல் தெரியாது. இந்தச் சகோதரிக்குச் சொல் தெரியும், வாய்தான் ஒத்துழைப்பதில்லை.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்து விளங்க வேண்டும். நாவு, உதடு, தொண்டை, மூச்சு ஆகியவற்றை இயக்கும் நரம்புகள் தளர்ந்து பேச்சு குழறுவது ஒன்று. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏதோ ஓரளவில் ஏற்படுகிறது. இது பேச்சின் குறை, மொழியின் குறையல்ல. (இவர்களில் சிலருக்கு விழுங்குவதும் கஷ்டமாகலாம். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.) மற்றது, வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் வராமலிருப்பது. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்கும் ஒரு பரிசோதனை உண்டு. அதில் எம்.எஸ். உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள். நேரம் கொடுத்தால் கூடுதலாகச் சொல்வார்கள். அலுமாரியில் சாமான் பத்திரமாக இருக்கிறது, சாவிதான் உடனே அகப்படுவதில்லை. பக்கவாதத்தில் சிலருக்கு மொழியே அழிந்துபோவதுபோல் இந்நோயில் நிகழ்வது அரிது.

உள்ளதை மறைக்கக் கூடாது. எம்.எஸ். உள்ளவர்களில் நூற்றுக்கு 40 முதல் 65 பேர் வரை ஞாபகத்திலோ சிந்தனை வேகத்திலோ ஏதாவது தளர்வு ஏற்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. சிலருக்கு நீண்ட, சுற்றி வளைத்த வாக்கியத்தைப் பின்தொடர்வது கஷ்டம். கல்யாண வீட்டில் நால்வர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் பிடிபடாது. நோய் முற்றிய சிலருக்கு இத்தளர்வு கடுமையாகவும் இருக்கும். ஆனால் மெதுவாக விளங்குவதும் விளங்காமலிருப்பதும் ஒன்றல்ல. ஒருவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்பதை அவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டுமே தவிர, அவர் பேசும் வேகத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

இந்த நோயின் இன்னொரு தன்மையைக் குடும்பத்தார் அறியாவிட்டால் அநியாயமான சந்தேகம் வரும். காலையில் நன்றாகப் பேசியவர் மாலையில் குழறுவார். உடம்புச் சூடு கொஞ்சம் கூடினாலும் நோயின் அடையாளங்கள் தற்காலிகமாகக் கூடும். இதை 1890இல் ஊதோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் எழுதினார். எம்.ஆர்.ஐ. கருவி வருவதற்கு முன், நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் அமர்த்திப் பார்த்தே நோயை உறுதிப்படுத்திய காலமும் இருந்தது. விறகடுப்புப் புகைக்குள் இரண்டு மணி நேரம் நின்ற பெண்ணுக்கும் அதே சுடுநீர்த் தொட்டியின் கதைதான். “சமைக்கச் சொன்னால்தான் இவவுக்கு வருத்தம் வரும்” என்று நையாண்டி பண்ணுவோர் கவனிக்கவும். குளிர்ந்த இடத்தில் ஓய்வெடுத்தால் பேச்சும் தெளியும். அத்துடன் களைப்பு. எம்.எஸ். உள்ளவர்கள் முறையிடுவதில் முதலிடம் இதற்குத்தான். நன்றாகத் தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது.

ஓதிப் பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓதிப் பார்ப்பது ஸுன்னத். நானும் ஓதிக் கொடுப்பவன்தான். ஆனால் பேச்சுக் குழறியதும் ஜின் என்றும் சூனியம் என்றும் சொல்லி மாதக் கணக்கில் அலைக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்நோய் ஆரம்பத்தில் நூற்றுக்கு 85 பேரளவில் வந்து வந்து போகும் வகையைச் சேர்ந்தது. சில நாட்களோ வாரங்களோ கடுமையாக இருந்துவிட்டுத் தானாகவே தணியும். அந்த வேளையில் கடைசியாகத் தகடு கட்டியவர் யாரோ அவருக்குப் பெயர் கிடைத்துவிடும்! அடுத்த தாக்கம் வரும்போது தழும்பு கூடியிருக்கும். 1993 முதல் தாக்கங்களைக் குறைக்கும் மருந்துகள் பாவனைக்கு வந்துள்ளன. நோயை முற்றாக அகற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் சிகிச்சையை நேரத்தோடு ஆரம்பிப்பதால் நன்மை அதிகம். ஓதுங்கள், வைத்தியரிடமும் போங்கள்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விகள்.

பாத்திஹாவைத் தொடர்ச்சியாக ஓத வேண்டும், இடையில் நீண்ட நேரம் மௌனமானால் தொடர்ச்சி முறியும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அவருடைய அச்சமும் அதனால்தான். ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுக்கு விரிவுரை எழுதிய இமாம்கள், காரணத்தோடு ஏற்படும் மௌனம் தொடர்ச்சியை முறிக்காது என்று கூறி, அதற்கு உதாரணமாக மறதியையும் களைப்பையும் குறிப்பிடுகிறார்கள். களைப்பு என்ற அந்தச் சொல்லை நான் பல வருடங்களாக மாணவர்களுக்குப் பாடம் நடத்திக் கடந்து போயிருக்கிறேன். யாருக்காக எழுதப்பட்டது என்று ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. ஆகவே நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து ஓதினால் போதும். எழுத்துச் சரியாக வராவிட்டாலும், முயன்றும் முடியாதவருக்கு அவரது தொழுகை கூடும். பாத்திஹாவே ஓத இயலாவிட்டால் வேறு ஏழு ஆயத்துக்கள், அதுவும் முடியாவிட்டால் திக்ரு, எதுவுமே முடியாவிட்டால் பாத்திஹா ஓதும் அளவு நேரம் நின்றால் போதும் என்றும் மின்ஹாஜிலேயே இருக்கிறது. “தா”வில் திக்குபவருக்கு ஒரு பெயர், “ஃபா”வில் திக்குபவருக்கு ஒரு பெயர், ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக மாற்றி உச்சரிப்பவருக்கு ஒரு பெயர் என்று, ஒவ்வொரு நாவின் கஷ்டத்துக்கும் தனித்தனியாகப் பெயரிட்டுச் சட்டம் சொன்னவர்கள் நமது இமாம்கள். குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நபிகளாரின் (ஸல்) வாக்கை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதும், அது புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்ததே.

இரண்டாவது கேள்விதான் பாரமானது. ஸூரதுல் பகராவின் 282ஆவது ஆயத்து, கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றிப் பேசுகிறது. கடன் பெற்றவர் விவேகமற்றவராகவோ, பலவீனராகவோ, சொல்லி எழுதுவிக்க இயலாதவராகவோ இருந்தால் அவரது பொறுப்பாளர் நீதியோடு சொல்லி எழுதுவிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. கவனியுங்கள். விவேகமற்றவர் வேறாகவும் சொல்ல இயலாதவர் வேறாகவும் எண்ணப்பட்டிருக்கிறார்கள். இருவரையும் ஒன்றாக்குவது நாம்தான். சொல்ல இயலாதவருக்காகப் பேசுபவரின் கடமை நீதியோடு பேசுவது. சொல்ல வேண்டியவரிடம் கேட்காமல் நீதியோடு பேசுவது எப்படி?

ஒருவரது சொத்தின் மீதான அதிகாரத்தைத் தடுத்து வைப்பதற்கு பிக்ஹில் ஹஜ்ர் என்று பெயர். புத்தி பேதலித்தவருக்கு அது உண்டு. நாவு குழறுபவருக்கு இல்லை. முற்றாக ஊமையானவரின் விளங்கக்கூடிய சைகையே வாய்ப்பேச்சின் இடத்தைப் பெறும் என்று உஸ்மானிய கிலாபத்தின் சட்டக் கோவையான மஜல்லாவின் 70ஆவது விதி கூறுகிறது. மஜல்லாவின் இப்பகுதி வெளியானது 1869இல், அதாவது ஷார்கோ பரிஸில் விரிவுரை நிகழ்த்தியதற்கு அடுத்த ஆண்டு. சைகைக்கே அந்த மதிப்பென்றால், மெதுவாகவேனும் வாயால் சொல்லக்கூடிய ஒரு பெண்ணின் சொல்லை எப்படித் தள்ள முடியும்? நமது நாட்டில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி முஸ்லிம்களின் வாரிசுரிமை ஷரீஅத்தின் அடிப்படையிலேயே பிரிக்கப்படுகிறது. மகளின் பங்கு அல்லாஹ் நிர்ணயித்தது. அவள் வேகமாகப் பேச வேண்டும் என்று அதற்கு நிபந்தனை எதுவுமில்லை. நொத்தாரிசு உறுதி எழுதும் நாளில் அவரையும் அழைத்து, வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதன்பின் கையெழுத்துப் பெறுவதே முறை. நாடாளுமன்றம் 1996இல் நிறைவேற்றிய 28ஆம் இலக்கச் சட்டமும் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கவே வந்தது. இந்தியாவில் 2016இல் இயற்றப்பட்ட சட்டமோ எம்.எஸ். நோயைப் பெயர் சொல்லியே 21 வகை இயலாமைகளுக்குள் சேர்த்திருக்கிறது.

இவ்வளவையும் எழுதும்போது மூஸா (அலை) அவர்களின் ஞாபகம் வராமலிருக்குமா? நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடும்படி அவர்கள் கேட்ட துஆவை நாம் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூனைத் துணைக்குத் தரும்படி அவர்கள் கேட்டது ஸூரதுல் கஸஸில் வருகிறது. ஹாரூன் (அலை) துணையாக வந்தார்களே தவிர, மூஸாவைப் பின்னுக்குத் தள்ளி அவர்களுக்குப் பதிலாகத் தாம் முடிவெடுக்கவில்லை. தெளிவாகப் பேசக்கூட முடியாதவர் என்று மூஸாவை இழித்துரைத்தவன் யாரென்று ஸூரதுஸ் ஸுக்ருஃபில் பாருங்கள். பிர்அவ்ன்! ஆனால் அல்லாஹ் நேரடியாகப் பேசிய “கலீமுல்லாஹ்” என்ற சிறப்பு யாருக்குக் கிடைத்தது?

அந்த வீட்டில் இப்போது சில மாற்றங்கள் நடந்திருப்பதாக மகள் சொல்லியனுப்பினார். முக்கியமான பேச்சுக்களைக் காலையில், வெயில் ஏறுமுன் பேசுகிறார்களாம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஒருவர் மாத்திரம் பேசுவதும் பழக்கமாகியிருக்கிறது. உம்மா சொல்லைத் தேடும்போது யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. அவரே கையால் காட்டிக் கேட்டால் மட்டும் கொடுக்கிறார்கள். தொலைபேசியில் பேசுவது கஷ்டமாக இருந்ததால், வாட்ஸ்அப்பில் தம் குரலை ஆறுதலாகப் பதிவு செய்து சகோதரிமாருக்கு அனுப்புகிறார். அவர்களும் அவசரமில்லாமல் கேட்டுக்கொள்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை.

பேச்சுக்கும் பயிற்சி உண்டு. மூச்சைப் பிரித்துப் பேசவும், வராத சொல்லைச் சுற்றிப் போய் வேறு சொல்லால் சொல்லவும் கற்றுக்கொடுக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் பணியாற்றுகிறார்கள். நரம்பியல் கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் கேட்டுக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். கஷ்டம் என்னவென்றால், தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. நம் பெண்கள் கடையிலும் வைத்தியசாலையிலும் சிங்களம் பேசினாலும், தளர்ந்த நாவைப் பழக்க வேண்டியது உம்மாவிடம் கற்ற மொழியில் அல்லவா? களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் இதற்கென்று பட்டப்படிப்பை நடத்துகிறது. உயர்தரம் எழுதிவிட்டு அடுத்து என்ன படிப்பதென்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தாய்மாரே, இந்தத் துறையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் அந்தச் சகோதரி மீண்டும் வகுப்புக்கு வந்திருந்தார். கேள்வி நேரத்தில் அவரது குரல் கேட்டது. நான் கிதாபை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பெண்கள் பகுதியிலும் சத்தமில்லை. தம் பங்குக் காணியில் ஒரு பகுதியை வக்ஃபு செய்துவிட்டு, அதில் விளையும் தேங்காயைத் தன் மகளுக்கு ஆயுள் உள்ளவரை கொடுக்க நிபந்தனை வைக்கலாமா என்று கேட்டார். கேட்டு முடிக்க மூன்று நிமிடமளவு சென்றிருக்கும். விரிவாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கிதாபுகளைப் பார்த்து அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தேன்.